லைன் கிளியரை யார் சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை அர்த்தநாரி போன் செய்தார். ரயில்வேயில் எங்களோடு பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவர். தண்டவாளம் பிரிகிற இடங்களைப் பார்த்துக்கொள்வது, கொடி காட்டுவது, ஸ்டேஷன் மாஸ்டர் சொல்கிற இடத்துக்கெல்லாம் ஓடுவது அவர் வேலை. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவருக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது.

“மேடம், எங்க பொண்ணு சௌமியாளுக்கு மாப்பிள்ளை முடிவு பண்ணிப்போட்டோமுங்க. போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கறவங்க ஊட்டுப் பையன். நல்ல எடமுங்க. ரெண்டு ஊட்டுலயும் லைன் கிளியருங்க. ஆவணியில கல்யாணம். நீங்கதான் முன்னாடி நிக்கோணும்.”

“சந்தோஷம்ப்பா” என்று சொல்லி வைத்துவிட்டேன். அதிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினேன். மாடிக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் இறங்கி வந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “ஏன், இன்னைக்கு உனக்கு வண்டி லேட்டா?” என்று கேட்டார். அவருக்கு எல்லாம் கிண்டல்தான்.

ஊரில் எல்லோர் வாயிலும் லைன் கிளியர் படும் பாட்டை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நிலம் வாங்குகிறவர் சொல்கிறார், சீட்டு எடுத்தவர் சொல்கிறார், கல்லூரிப் பையன் சினேகிதனிடம் சொல்கிறான். கல்யாணத் தரகர்களோ அதைச் சொல்லாமல் தாம்பூலம்கூட மாற்றுவதில்லை. யார் சொன்னாலும் எனக்குள் ஏதோ பரபரவென்று ஓடும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சொல்லைக் கேட்டும் கொடுத்தும் சம்பளம் வாங்கியவள் நான். மற்றவர்கள் சொன்னால் எரிச்சலோடு முடிந்துவிடும். அர்த்தநாரி வாயிலிருந்து வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றோர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இப்போது சர்வீஸில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் ஆறு மாதமாகத் துளைக்கிறார்கள், அந்தக் கணக்கும் இதோடு தீரட்டும்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் போடும் குடும்பம் எங்களுடையது. ரயில்வே பரீட்சை எழுதினேன், தேறினேன், பயிற்சிப் பள்ளியில் விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன். பொம்பளைப் பிள்ளைக்குக் கொடியும் விளக்குமா என்று பேசியவர்கள், முதல் சம்பளத்தில் எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுத்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பயிற்சி பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. விதிகள் எனக்கு உண்மையில் புரிந்தது மாத்யூ சாரிடம்தான்.

மாத்யூ சார் எங்கள் டிராபிக் இன்ஸ்பெக்டர், ஸ்டேஷன்களைச் சோதிக்க வருகிறவர். கோட்டயத்துக்காரர். மற்ற இன்ஸ்பெக்டர்கள் வந்தால் முதலில் ரெஜிஸ்டரைப் புரட்டுவார்கள். இவர் நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சர்க்கரை இல்லாத டீ கேட்பார். பாதி டீ குடிக்கும் வரை பேச்சே இருக்காது. அப்புறம் ஒரு இங்கிலீஷ் சொல்லைத் தூக்கிப் போடுவார். “மேடம், கிரீன் சிக்னல் கிடைச்சுடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே, பச்சைக்கு அந்த அர்த்தம் எப்போ வந்நு?”

முதல் தடவை நான் விழித்தேன். அவரே சொன்னார். ரயில் ஓட ஆரம்பித்த காலத்தில் இங்கிலாந்தில் பச்சை என்றால் ஜாக்கிரதையாகப் போ என்று அர்த்தமாம். போகலாம் என்பதற்கு வெள்ளை விளக்கு. சிவப்பு விளக்கின் கண்ணாடி உடைந்து விழுந்தால் அதுவும் வெள்ளையாகத்தானே தெரியும்? நில் என்று சொல்ல வேண்டிய விளக்கு போ என்று சொல்லிவிடும். அப்படி வினை வந்த பிறகுதான் வெள்ளையை எடுத்துவிட்டுப் பச்சைக்குப் போகலாம் என்ற அர்த்தத்தைக் கொடுத்தார்கள். “பச்சையைப் பார்த்தா சந்தோஷப்படாதீங்க மேடம். அதோட பழைய வேலை எச்சரிக்கை” என்று சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தார்.

இப்படி எத்தனையோ. கோபத்தைக் கொட்டித் தீர்ப்பதை ஆவியை வெளியே விடுவது என்று இங்கிலீஷ்காரன் சொல்வது கொதிகலனிலிருந்து வந்தது. ஆவியை விடாவிட்டால் கொதிகலன் வெடிக்கும். சைடுடிராக் ஆகிவிட்டது என்பது வண்டியைப் பக்கத்துத் தடத்தில் ஒதுக்கி நிறுத்தியதிலிருந்து வந்தது. ஒரு தடவை நானே முந்திக்கொண்டு, “சார், ட்ரெயின் ஆஃப் தாட் என்கிறார்களே, அதுவும் நம்முடையதுதானே?” என்று பெருமையாகக் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரயில் வருவதற்கு இருநூறு வருஷம் முன்பே அந்தச் சொல் இருந்ததாம். ஒன்றன் பின் ஒன்றாக வருகிற எதற்கும் ட்ரெயின் என்று பேர், நம் வண்டிதான் அந்தப் பேரைக் கடன் வாங்கியது என்றார். அன்றைக்கு முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

லைன் கிளியர் பற்றி அவர் சொன்னது மட்டும் விளையாட்டாக இல்லை. ஒற்றைத் தடத்தில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். என் ஸ்டேஷனிலிருந்து வண்டியை விட வேண்டுமானால் அடுத்த ஸ்டேஷனைக் கேட்க வேண்டும். தடம் காலியாக இருக்கிறது, அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்குத்தான் லைன் கிளியர் என்று பேர். தந்திக் காலத்திலிருந்து வருகிறது. “இது ஆர்டர் இல்லா, மேடம். பதில். அனுப்புறவன் தனக்குத் தானே சொல்லிக்க முடியாது. அந்தப் பக்கம் இருக்கறவன்தான் தரணும்.”

சாதாரண நாட்களில் இதற்கென்று பிளாக் கருவி இருக்கிறது. மணி அடிப்போம், மணியில் பதில் வரும். கருவி கெட்டுப்போனால் போனில் கேட்கலாம். அப்போது வாயால் லைன் கிளியர் என்றால் போதாது. இரண்டு பேரிடமும் ரகசிய எண்கள் அச்சடித்த தாள் உண்டு. தருகிறவர் தன் தாளிலிருந்து ஒரு எண்ணைச் சொல்லி அடித்துவிட வேண்டும், வாங்குகிறவர் அதை டிரைவர் கையில் கொடுக்கும் காகிதத்தில் எழுத வேண்டும். எண் வந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு உயிர்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் நான் சேலம், நாமக்கல் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் இருந்தேன். பெயர் வேண்டாம். அடுத்த ஸ்டேஷனில் தேவராஜ் சார். அர்த்தநாரி அப்போது அவரிடம்தான் வேலை பார்த்தார். மத்தியானத்துக்கு மேல் சேலம் போகும் பாசஞ்சர் என் பிளாட்பாரத்தில் வந்து நின்றது. அதற்குள் வானம் கறுத்துவிட்டது. சித்திரை மாதத்துப் புழுதிக் காற்று முதலில் வந்தது, பின்னாலேயே இடியும் கல்மழையும். கோழிப்பண்ணைக் கூரைத் தகடுகள் தண்டவாளத்தைத் தாண்டிப் பறந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு இடியில் கரண்ட் போனது. அதே இடியில் பிளாக் கருவியும் போனது. மணியை அழுத்தினால் சத்தமே இல்லை.

போனை எடுத்தேன். கரகரப்புக்கு நடுவே தேவராஜ் சார் கிடைத்தார். வண்டியின் பேரைச் சொல்லி லைன் கிளியர் கேட்டேன். “லைன் கிளியர்” என்றார். அந்தப் பழைய போனில் பேசினால் அறை முழுக்கக் கேட்கும். நான் பேனாவைத் திறந்து எண்ணுக்குக் காத்திருந்தேன். அவர் தாளைப் புரட்டும் சத்தம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. போன் செத்துவிட்டது. கண்ட்ரோலுக்குப் போகும் போனும் செத்துவிட்டது. கரண்ட் இல்லாமல் டவரும் படுத்துவிட்டதால் செல்போனில் ஒரு கோடுகூட இல்லை.

அறை வாசலில் ஏற்கெனவே கூட்டம் நின்றது. முன்னால் நின்றவர் இளம்பிள்ளை ஊரில் தறி ஓட்டுகிறவர், முப்பது வயது இருக்கும். அவர் தோளில் ஒரு பெண் குழந்தை. மூன்று வயதுகூட இராது. நல்ல காய்ச்சல். வண்டியிலேயே ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டதாம். சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர் மனைவி பின்னால் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

“லைன் கிளியர்னு அந்த சார் சொன்னது எங்க காதுலயும் உளுந்துதுங்களே! இன்னும் என்னங்கம்மா வேணும்?”

“நம்பர் வரலீங்க” என்றேன்.

“நம்பராவது மண்ணாவது! புள்ள உசுரு போவுதுங்க!”

டிரைவரும் இறங்கி வந்தார். “மேடம், தேவராஜ் சார் குரல் உங்களுக்குத் தெரியாததா? நீங்க எழுதிக் கொடுத்தா நான் எடுக்கறேன்.” குரல் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் பத்துத் தடவை கேட்கிற குரல். பேனாவும் கையில் இருந்தது. குழந்தையின் கால் அப்பாவின் இடுப்பில் துவண்டு தொங்கியது. எனக்குத் துணிச்சல் இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதிவிடலாம் என்று நினைத்தது உண்மை. ஆனால் எண் எழுத வேண்டிய இடத்தில் எதை எழுதுவது? அந்த இடத்தைத் தாண்டிப் பேனா போகவில்லை.

எல்லா வழியும் அடைபட்டால் செய்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. வண்டியிலிருந்து எஞ்சினை மட்டும் கழற்றி, ஒரு கடிதத்தோடு அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். லைன் கிளியரை நேரில் போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும். சைக்கிள் வேகத்தில்தான் போகலாம், ஊதிக்கொண்டே போக வேண்டும். வளைவு வந்தால் ஒருவர் இறங்கிச் சிவப்புக் கொடியோடு முன்னால் நடக்க வேண்டும். அந்த உத்தரவை எழுதிக் கொடுத்தேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

எஞ்சின் பெட்டிகளை விட்டுத் தனியாக நகர்ந்தபோது பிளாட்பாரம் பொங்கியது. எஞ்சினையே கழட்டிவிட்டார்கள், நம்மை அம்போ என்று விட்டுவிட்டார்கள் என்று கத்தினார்கள். ஒருவர் என் மேசை மேல் இருந்த விளக்கைத் தட்டிவிட்டார். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். ஹைவே பக்கம் புளியமரம் விழுந்து வழி அடைத்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் பின்னால் வண்டிப் பாதையில் முட்டை ஏற்றிய வேன் ஒன்று மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தது. டிரைவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். “ஏறச் சொல்லுங்க, காட்டு வழியிலயே கொண்டுபோய்ச் சேத்தறேன்” என்றார். முட்டை அட்டைகளுக்கு நடுவே தாயும் பிள்ளையும் உட்கார்ந்தார்கள்.

அந்தத் தகப்பன் ஏறுவதற்கு முன் திரும்பி, “ஏனுங்கம்மா, உங்களுக்குப் புள்ள குட்டி இல்லீங்களா?” என்றார். எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர் ஏறியதும் வேன் கதவைச் சாத்தினேன்.

குழந்தை பிழைத்துவிட்டது. வேன் டிரைவர் மறுநாள் வந்து சொன்னார், ராசிபுரத்திலேயே ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டார்களாம். அதைக் கேட்டு வேனுக்குப் பக்கத்திலேயே நின்று அழுதேன். தகப்பன் அதன்பின் வரவில்லை. அவருக்கு நான் இன்றைக்கும் கல்நெஞ்சக்காரிதான். தண்டவாளத்தில் நடந்தது அவருக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை.

நடந்தது இது. எஞ்சின் ஊதிக்கொண்டு ஊர்ந்து போனது. பாதி தூரத்தில் ஒரு வளைவு. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சோளக்காடு. டிரைவரின் அசிஸ்டெண்ட் இறங்கிக் கொடியோடு முன்னால் நடந்தார். வளைவு திரும்பியதும் எதிரே தண்டவாளத்தின் மேலேயே ஒரு தள்ளு ட்ராலி. மேலே நனைந்து போய் அர்த்தநாரி, கையில் சிவப்புக் கொடி, மடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய கடிதம். தேவராஜ் சார் என்னிடம் லைன் கிளியர் கேட்டு எழுதிய கடிதம். அவர் ஸ்டேஷனில் என் பக்கம் வர ஒரு சரக்கு வண்டி காத்திருந்தது. ட்ராலியைத் தள்ளி வந்த நாலு பேர் மழை இரைச்சலில் எஞ்சின் ஊதியதைக் கேட்கவே இல்லையாம். ட்ராலியைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். எஞ்சின் போய், எண்ணோடு எழுதிய காகிதம் வாங்கித் திரும்பி வந்தது. இருட்டுவதற்கு முன் பாசஞ்சரை அனுப்பினேன்.

அந்த ட்ராலிச் செய்தியை டிரைவர்தான் வந்து சொன்னார். போன் சரியானதும் தேவராஜ் சாரைப் பிடித்துக் கத்தினேன். “லைன் கிளியர்னு வாயால சொல்லிட்டு, அதே தடத்துல ஆளை அனுப்பினீங்களே! நான் வண்டியை விட்டிருந்தா?”

“சொன்னேன், மேடம். கொடுக்கலையே” என்றார். “நம்பர் சொல்றதுக்குள்ள போன் போயிருச்சு. நம்பர் இல்லாம நீங்க விட மாட்டீங்கன்னு தெரியும். அர்த்தநாரியும் கேட்டான், அந்தம்மா வண்டிய உட்டுட்டாங்கன்னா என்னங்க சார் பண்றதுன்னு. உட மாட்டாங்க, போன்னு சொன்னேன். போனான்.”

நான் எழுதிவிடப் பார்த்த கதை அவருக்குத் தெரியாது. ஐந்து பேரை அவர் தண்டவாளத்தில் இறக்கியது, நான் அவர் சொல்லை நம்ப மாட்டேன் என்ற நம்பிக்கையில். அதை நினைத்தால் இப்போதும் எழுந்து நடக்க வேண்டும் போல் இருக்கிறது.

பயணிகள் புகார் எழுதியதால் விசாரணைக்கு மாத்யூ சார் வந்தார். டீ கேட்கவில்லை. சொல் எதையும் தூக்கிப் போடவில்லை. என்னையும் தேவராஜ் சாரையும் அர்த்தநாரியையும் ட்ராலியில் ஏற்றி அந்த வளைவுக்குக் கொண்டுபோனார். அர்த்தநாரியை அன்று நின்ற இடத்தில் நிற்கச் சொன்னார். தான் மட்டும் வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்து போய்ச் சோளத்துக்குள் மறைந்தார். “அர்த்தநாரி, என்னைத் தெரியுதோ?” என்று குரல் மட்டும் வந்தது. “தெரியலீங்க சார்” என்றார் அர்த்தநாரி. கொஞ்சம் கழித்து இன்னும் கிட்டத்திலிருந்து, “இப்போ?” “இல்லீங்க சார்.” கடைசியில் அவர் வெளியே வந்தபோது இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி நீளம்கூட இல்லை.

மாத்யூ சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “உனக்குக் குட்டிகள் உண்டோ?” என்றார்.

“ஒரே பொண்ணுங்க சார். சௌமியா. எட்டாவது படிக்கறாளுங்க.”

புகாருக்கு மாத்யூ சார் எழுதிய பதில் ஒரே வரி: ஸ்டேஷன் மாஸ்டர் செய்தது முறைப்படி சரி. அடுத்த மாதம் வந்தபோது பழையபடி சர்க்கரை இல்லாத டீ, பழையபடி ஒரு சொல்.

அந்தச் சௌமியாவுக்குத்தான் இப்போது கல்யாணம். இதுவரை எழுதிவிட்டு நேற்று மாலை அர்த்தநாரிக்கு நானே போன் செய்தேன்.

“லைன் கிளியர்னு சொன்னியேப்பா, யாரு சொன்னது?”

“மாப்பிள்ள ஊட்டுல சொல்லிட்டாங்க மேடம். எங்க அண்ணன், மச்சான் அல்லாரும் சரின்னுட்டாங்க. எங்க ஊட்டுக்காரிக்கும் முழுச் சம்மதமுங்க.”

“சௌமியா?”

“அவகிட்ட என்னங்க கேக்கறது? கொழந்தைங்க. இந்த மாதிரி எடம் மறுக்காக் கெடைக்குமுங்களா?”

“அவ கிட்டயிருந்து நம்பர் வந்துச்சா, அர்த்தநாரி?”

போன் செத்துவிட்டதோ என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். பிறகு மூச்சு கேட்டது. “வெச்சறனுங்க மேடம்” என்றார்.

அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டோமோ என்று குறுகுறுத்தது. அவர் பெண், அவர் வீடு, நான் யார்? காலையில் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

“கேட்டனுங்க மேடம். அழுதுபோட்டாளுங்க. நர்சிங் முடிக்க இன்னொரு வருஷம் இருக்குதாம். வேலைக்குப் போயி ரெண்டு காசு பாத்துட்டு அப்பறம் பண்ணிக்கறேன்ங்கறா. பையன் மேல கொறை ஒண்ணும் இல்லீங்களாம், இப்ப வேண்டாம்ங்கறா.”

“நீ என்னப்பா சொன்னே?”

“நான் என்னத்தச் சொல்றதுங்க? வண்டிய நிறுத்திப்போட்டேன். மாப்பிள்ள ஊட்டுக்காரங்களும் எங்க அண்ணனும் பிளாட்பாரத்துல நின்னு கத்தறாங்க. கத்தட்டுமுங்க, மேடம்.”